கசகசாவுக்கு மட்டும்தான் பயமா?

"ஏறுற எடத்துல ஸ்கேன்ல பாத்துட்டுத்தானண்ணே விட்டான்? எறங்குற எடத்துல இவங்க எப்படிப் புடுங்கலாம்?"

வாலிகண்டபுரத்தில் நெடுஞ்சாலையோர டீக்கடை ஒன்றில் அண்மையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர். விமான நிலையத்தில் அவரிடமிருந்து பறிபோனவை இரண்டு வேப் கருவிகளும், மாம்பழ வாசனைத் திரவம் நாலு குப்பியும். சுற்றி நின்றவர்கள் "அதானே!" என்று தலையாட்டினார்கள். "தம்பி, அது இந்தியாவுல தடைப்பா" என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எதிரில் நிற்பவரின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்பார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர் வாயைத் திறந்தால் உள்ளூர்க்காரர்களின் விவரமும் அப்படித்தான் பாதியாகிவிடுகிறது.

விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்றால் அது சட்டப்படி சரியான சாமான். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் பெரம்பலூர் மாவட்ட ஊர்களில் இந்த நம்பிக்கை வேதவாக்காக ஓடுகிறது.

சரி, கசகசாவை எடுத்துக்கொள்வோம். துபாய்க்குக் கிளம்பும் மகனுக்கு மசாலாப்பொடி கட்டும்போது "அம்மா, கசகசா போடலையே?" என்று மூன்று தடவை கேட்காத வீடு இந்தப் பக்கம் உண்டா? எந்த விமானக் கம்பெனி கசகசாவைத் தடுத்தது? திருச்சி ஸ்கேனர் அதைப் பார்த்து என்றைக்காவது கூவியிருக்கிறதா? ஆனால் அமீரகத்தில் இறங்கினால் அது போதைப்பொருள் கணக்கு. குருமாவுக்காகக் கொண்டுபோய்ச் சிறைக்குப் போனவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஏற விட்டதும் இறங்கும் நாட்டின் சட்டமும் வேறு வேறு என்பதை இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போகும்போது இருக்கிற அந்த ஞானம் வரும்போது மட்டும் எங்கே போகிறது?

இந்தியாவில் வேப் எனப்படும் ஈ-சிகரெட் மீதான தடை ரகசியமும் அல்ல. தமிழ்நாடு அரசு 2018-லேயே தடுத்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-இல் அவசரச் சட்டம் போட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். "இதுல நிக்கோடினே இல்லைங்க" என்பது அடுத்த சாமர்த்தியம். நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உதிரிபாகமாகக் கொண்டுவந்தாலும் விடாது. "நானே ஊதத்தான், விக்கிறதுக்கு இல்லை" என்று கெஞ்சினால் ஆகுமா? "எங்க வீட்டுக் குருமாவுக்குத்தான் சார்" என்று துபாய் அதிகாரியிடம் கசகசாவை நீட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அப்படியானால் விமானக் கம்பெனிகள் பல "கைப்பையில் வையுங்கள்" என்று எழுதி வைத்திருப்பது எதற்கு? தீக்குப் பயந்து. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் பயணியின் பெட்டி ஒன்று சரக்கு அறையில் தீப்பிடித்தது, உள்ளே ஈ-சிகரெட். துணிமணிக்கு நடுவே பொத்தான் தானாக அழுந்தினால் கம்பிச்சுருள் சூடேறும். லித்தியம் பேட்டரி ஒருமுறை கொதிக்க ஆரம்பித்தால் தன் சூட்டிலேயே மேலும் மேலும் கொதிக்கும். சரக்கு அறைக்குள் நடுவானில் யார் போவது? அதனால்தான் சர்வதேச சிவில் விமான அமைப்பு 2015 ஜூனில், கீழே போகும் பெட்டியில் வைக்கக்கூடாது, விமானத்துக்குள் சார்ஜ் போடக்கூடாது என்று விதித்தது. பயணிகள் பகுதியில் புகைந்தால் பணிப்பெண்ணாவது தண்ணீரை ஊற்றுவார். ஆக, அந்த விதி சொல்வது பற்றினால் எங்கே பற்றட்டும் என்பதை மட்டும். இதைத்தான் நம்மவர்கள் இந்திய அரசு கொடுத்த லைசென்ஸாக வாசிக்கிறார்கள்.

திரவத்துக்கு 100 மில்லி கணக்கும் அதே ரகம். 2006-இல் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. குப்பி 100 மில்லிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவர் உள்ளே இருப்பது எந்த நாட்டில் தடை என்று பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. (காற்றழுத்தம் குறைய, டேங்குக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளி, சட்டைப்பை பிசுபிசுத்து, பக்கத்து சீட்டுக்காரருக்கு வழியெல்லாம் மாம்பழ வாசனை வருவது தனிக் கொடுமை.)

திருச்சியிலிருந்து எல்லோரும் துபாய்க்கா போகிறார்கள்? சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வேப் வைத்திருந்தாலே குற்றம். அப்போதே 2,000 வெள்ளி வரை அபராதம். 2025 செப்டம்பரில் பிடியை இன்னும் இறுக்கினார்கள். தாய்லாந்தில் தடை. கத்தாரில் தடை. பக்கத்திலிருக்கும் அமீரகத்திலோ 2019 முதல் கடையில் விற்கிறார்கள். இத்தனை நாட்டுக்கும் இத்தனை சட்டம் இருக்க, கைப்பையைத் தள்ளிவிட்ட ஸ்கேனர்காரர் எல்லா நாட்டுக்கும் நீதிபதியாம்!

இன்னொரு பல்லவியும் உண்டு: "அது புகையே இல்லை, வெறும் ஆவி." 2018 ஜூலையில் ஹாங்காங்கிலிருந்து தாலியன் போன ஏர் சைனா விமானத்தின் துணை விமானியும் அப்படித்தான் நினைத்திருப்பார். விமானி அறையில் வேப் ஊதினார். ஆவி பயணிகள் பக்கம் போகாமலிருக்க ஒரு விசிறியை நிறுத்தப் போய், குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டார். காற்று குறைந்து, பயணிகள் தலைக்கு மேல் ஆக்சிஜன் முகமூடி தொங்க, விமானம் 10,000 அடிக்கு இறங்கியது. வெறும் ஆவி!

கோபப்பட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. நூறு நிஜ சிகரெட்டை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்கிற அதே நாட்டுக்குள் ஒரு வேப் கூட வரக்கூடாது என்பது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் 2013 முதல் தடை என்று பெயர் வாங்கிய குட்கா பெட்டிக்கடைகளில் எப்படிக் கிடைக்கிறது? இதைக் கேட்கலாம். கேட்க மாட்டார்கள். அறைத்தோழர் ஒட்டிக் கொடுத்த பார்சலை, "எங்க மச்சானுக்கு சென்ட் பாட்டிலு, கொண்டு போயிருப்பா" என்றதும், பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அப்படியே முப்பது கிலோவுக்குள் திணித்துக்கொண்டு வருவார்கள். உள்ளே வேப் இருந்து பெட்டிக்குள்ளேயே புகைந்தாலும், சுங்கத்தில் மாட்டினாலும், பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சென்ட் பாட்டில் கொடுத்தவர் அந்நேரம் ஷார்ஜாவில் தூங்கிக்கொண்டிருப்பார். ஊரில் அத்தனை பேரும் கசகசாவை மட்டும் மோந்து பார்த்தே கண்டுபிடிப்பார்கள்.

டீக்கடை இளைஞர் கடைசியாகப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ஷார்ஜா கடையில் காசு கொடுத்து வாங்கியதற்கான பில். தன் பக்கத்து நியாயத்துக்கு ஆதாரமாக அதை அதிகாரியிடமும் நீட்டினாராம். வெளிநாட்டில் வாங்கி இந்தியாவுக்குள் கொண்டுவந்தார் என்று நிரூபிக்க அதிகாரிக்கு வேண்டியதும் அதே காகிதம்தான்.