பேரலுக்குள் பெய்த மழை



தை அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிற நேரம் இது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை நெல் விலையைப் பற்றியும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பதைப் பற்றியும்தான் பேசுகின்றன. அவற்றுக்கு நடுவே திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னக் கடிதம் என் மேசையைவிட்டு நகரவில்லை.

நாலு ஏக்கர் சம்பா. வாடகைக்குப் பிடித்த பெல்ட் அறுவடை மிஷின் வயலில் இறங்கி ஒரு ஏக்கர்கூட முடிக்கவில்லை. இருமி இருமி நின்றுவிட்டது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மெக்கானிக் வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு மழை. நின்ற கதிர் படுத்துவிட்டது. ஓட்டுநர், வீட்டில் வாங்கி வைத்திருந்த டீசலைத்தான் கடைசியாக டேங்கில் நிரப்பியிருக்கிறார். "டேங்கில் தண்ணீர் இருந்ததாம் ஐயா. பங்க்கிலேயே கலந்து விற்கிறார்கள். இதைக் கேட்க ஆளே இல்லையா?" என்று கடிதத்தை முடித்திருந்தார் வாசகர்.

கேட்போம் என்றுதான் கிளம்பினேன். மன்னார்குடி சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறது. முப்பது வருடமாக டிராக்டருக்கும் ஆயில் இன்ஜினுக்கும் பம்பும் நாஸிலும் பார்க்கிறவர் அங்கே இருக்கிறார். ஜன்னல் விளிம்பில் ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தார். பழுதாகி வந்த வண்டிகளின் டேங்க் அடியிலிருந்து பிடித்த டீசல் ஒவ்வொன்றிலும் இருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே இளமஞ்சளாக டீசல். கீழே மூன்று விரற்கடை தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தில், காய்ச்சிய பாலில் படியும் ஆடையைப் போலப் பழுப்பாக ஒரு படலம். பாட்டிலைச் சாய்த்தால் அந்தப் படலம் கிழியாமல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"எந்த பங்க் அண்ணே?" என்றேன்.

"பங்க் இல்ல சார். வீட்டுப் பேரல்" என்றார். "பங்க்கைத் திட்டிட்டுப் போயிடுறாங்க. பேரலை யாரும் அடியில பாக்குறதில்ல."

இந்த மாதம் உங்களிடம் நான் சொல்ல வந்தது அவர் சொன்ன அந்த இரண்டு வரிதான். டீசல் கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் நம் கொல்லைப்புறமும் மாட்டுக்கொட்டகை ஓரமும்தான். அப்படி இருப்பதில் ஒரு நல்லதும் உண்டு. அதைத் தடுப்பது நம் கையிலேயே இருக்கிறது.

பேரலிலிருந்தே தொடங்குவோம். 200 லிட்டர் பேரலை நாம் நிமிர்த்தித்தான் வைக்கிறோம். மேல்தட்டைச் சுற்றி உயர்ந்த விளிம்பு ஒன்று இருக்கும். மழை பெய்தால் அந்தத் தட்டில் குளம்போலத் தண்ணீர் தேங்கும். மூடி அந்தக் குளத்துக்குள் முழுகியிருக்கும். மூடியை இறுக்கித்தானே வைத்திருக்கிறோம், உள்ளே எப்படிப் போகும் என்று கேட்கலாம். பகலில் வெயில் அடிக்கும்போது பேரலுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது; மூடியின் மரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. பிறகு சட்டென்று மழை பிடித்துப் பேரல் குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் மரையைச் சூழ்ந்து நிற்பது மழைத்தண்ணீர். அதைத்தான் பேரல் குடிக்கிறது. யாரும் திறக்கவில்லை, யாரும் கலக்கவில்லை. நான்கு மழைக்குள் அடியில் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது.

எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. வெளியில் வைக்க வேண்டி வந்தால் அவர்கள் பேரலைப் படுக்கவைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், உள்ளே இருக்கும் எண்ணெய்க்குக் கீழே இருக்கும்படி திருப்பி வைப்பார்கள். நிமிர்த்தித்தான் வைக்க முடியும் என்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்ப்பார்கள். தண்ணீர் மூடி இல்லாத பக்கம் ஒதுங்கிவிடும். கூரைக்குள் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டுப் பேரலில் இருந்த டீசலை நான்தான் மனமுவந்து கொடுத்தேன். கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அந்தப் பேரல் அந்த ஐப்பசி முழுக்க வாசலில் மழையில் நின்றது எனக்கு அன்று உறைக்கவில்லை. பட்டறையில் அந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பேரலே இல்லாத வீட்டிலும் தண்ணீர் சேரும். அதற்கு டேங்கே போதும். சாயங்காலம் வேலை முடிந்து, கால் டேங்க் டீசலோடு டிராக்டரை நிறுத்துகிறோம். மீதி முக்கால் டேங்கில் இருப்பது காற்று, அதில் ஈரம். மார்கழி, தை ராத்திரியில் டேங்கின் தகடு சில்லென்று ஆகும்போது, செம்புக் குடத்தின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப்போல டேங்கின் உள்பக்கம் வியர்க்கிறது. துளிகள் வழிந்து அடியில் போய் உட்காருகின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. டீசலோ 830 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதனால் தண்ணீர் எப்போதும் அடிக்குத்தான் போகும். இன்ஜினுக்கு டீசல் எடுக்கும் குழாயும் அடியை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு ராத்திரியில் சேர்வது சில துளிகள்தான். ஆனால் தையில் நிறுத்திய வண்டியை மேட்டூர் அணை திறந்து குறுவைக்குச் சேறு கலக்கும்போதுதான் எடுக்கிறோம். நாலைந்து மாதத்துத் துளிகளும் அப்போது ஒன்றாக வந்து நிற்கும்.

வெறும் தண்ணீரோடு முடிந்தாலும் பரவாயில்லை. பட்டறையில் பார்த்த அந்தப் பழுப்புப் படலம் உயிருள்ளது. டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறுகின்றன. இரை டீசல், இருப்பிடம் தண்ணீர். மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் பெற்ற ஒன்று இருக்கிறது. ஜெட் விமானங்களின் எரிபொருள் டேங்குகளிலேயே தொல்லை கொடுத்தது அது. இவை பெருகிப் பிசுபிசுப்பான சளியாக ஃபில்டரை அடைக்கின்றன. இவை விடும் அமிலம் டேங்கின் தகட்டை அரிக்கிறது. "இப்பத்தான் சார் ஃபில்டர் மாத்தினேன், பத்து நாள்ல மறுபடி அடைச்சிக்கிச்சு" என்று யாராவது சொன்னால், கடையில் போலி ஃபில்டர் கொடுத்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் டேங்கின் அடியைப் பாருங்கள். தண்ணீரை ஒழித்துவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு இருக்க இடமில்லை.

இனி தூசி. கதிர் அறுக்கும்போது மிஷினைச் சுற்றிப் பறக்கும் சுணையையும் பதரையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் வயலிலேயே கேனைத் திறந்து டேங்கில் ஊற்றுகிறோம். டேங்க் மூடி தொலைந்துபோய் வருடக்கணக்கில் பழந்துணியைத் திணித்து ஓடும் வண்டிகள் எத்தனை! அந்தத் துணியே நூல் நூலாகப் பிரிந்து உள்ளே விழுகிறது. களைக்கொல்லி வந்த கேனைத் தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே டீசல் வாங்கப் போவதையும் பார்க்கிறேன். அலசிய தண்ணீரில் அரை டம்ளராவது அடியில் நின்றிருக்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியிலும் டிரம்மிலும் டீசலை நாள்கணக்கில் வைக்கக் கூடாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரியான கசடாகி ஃபில்டரையும் நாஸிலையும் அடைக்கும். தண்ணீருக்கு நல்ல பாத்திரமாக இருப்பது டீசலுக்கு ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத தூசி என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். டீசல் பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அந்தச் சந்துக்குள் ஒரு மணல்பொடி நுழைந்தால் உரசிக் கோடு போட்டுவிடும். பிறகு அழுத்தம் நிற்காது. வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், கரும்புகை தள்ளும், டீசல் அதிகம் குடிக்கும். தண்ணீர் உள்ளே போனாலோ, வழுவழுப்பு போய்த் துருவேறும். சூடான நாஸில் முனையில் ஆவியாகி வெடித்து முனையையே உடைத்துவிடவும் செய்யும். பழைய டிராக்டரின் நாஸில் 200 பாரை ஒட்டிய அழுத்தத்தில் திறக்கிறது. பின் டயருக்கு நாம் அடிக்கும் காற்றைப்போல நூறு மடங்குக்கும் மேல் அது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம்–4 என்ற மாசு விதி வந்தது. அதற்கேற்பப் பெரிய டிராக்டர்களில் காமன் ரெயில் இன்ஜின்கள் வந்திருக்கின்றன. அவற்றில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அப்பா காலத்து வண்டி கசட்டையும் விழுங்கிக்கொண்டு ஓடியது என்பதை வைத்துப் புது வண்டியை எடைபோட வேண்டாம். அது தாங்காது, தாங்காமல் போனால் வரும் செலவு ஒரு போக லாபத்தையே தின்றுவிடும்.

பங்க்கில் தப்பே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கலாம். மண்ணெண்ணெய் கலப்பவர்களும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அன்றைய டீசலின் அடர்த்தியை பங்க்கில் எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்டால் ஹைட்ரோமீட்டர் வைத்து உங்கள் முன்னாலேயே அளந்து காட்ட வேண்டும். வெப்பநிலைக்குத் திருத்திக் கணக்கிட்ட பிறகு எழுதியிருப்பதற்கும் அளந்ததற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள். டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருந்தால், அடியில் படிந்த கசடு கலங்கியிருக்கும். அவசரமில்லை என்றால் கொஞ்ச நேரம் கழித்துப் பிடியுங்கள்.

இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதை இலக்காக வைத்திருக்கிறது. நம் விளைபொருளுக்கு அது நல்ல செய்தியாக அமையட்டும் என்றே விரும்புகிறேன். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. தாவர எண்ணெய் இந்த இன்ஜினுக்குப் புதிதல்ல. ஆனால் பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும், சீக்கிரமும் கெடும். மாதக்கணக்கில் வாங்கி அடுக்கிவைக்கும் பழக்கத்தை இப்போதே குறைத்துக்கொள்வது நல்லது.

பட்டறைக்காரர் இன்னொரு காட்சியையும் சொன்னார். அடைத்துக்கொண்ட ஃபில்டரைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் நாலு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு அறுவடையை முடித்திருக்கிறார் ஒருவர். அவசரம் எனக்குப் புரிகிறது; மேலே மேகம், கீழே கதிர். ஆனால் அந்த ஓட்டை வழியாகப் போனது எல்லாம் நேராகப் பம்புக்குத்தான் போயிற்று. ஃபில்டரைப் பெட்ரோலில் அலசிக் காற்றடித்துத் திரும்ப மாட்டுவதும் அதே கதைதான். ஒரு புது ஃபில்டரை வாங்கி வீட்டில் வைத்திருங்கள். இந்த வேலையில் சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் அது.

விதைநெல்லை நாம் எப்படி வைக்கிறோம்? ஈரம் படாத இடம், மூடிய பாத்திரம், அதற்கென்று தனிக் கோணி, வேறு எதற்கும் தொடமாட்டோம். டீசலுக்கும் அதே மரியாதை வேண்டும். கேனும் புனலும் டீசலுக்கு என்றே தனியாக இருக்கட்டும். புனலில் கம்பிவலை இருக்கட்டும். சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே டேங்கை நிரப்பிவிடுங்கள். நிறைந்த டேங்க் வியர்க்காது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடங்கியிருக்கும் நேரத்தில், ஃபில்டருக்குக் கீழே உள்ள கிண்ணத்தின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வெளியே விடுங்கள். பேரலில் இருந்து எடுக்கும்போது குழாயை அடிவரை விடாமல் நாலு விரற்கடை மேலே நிறுத்துங்கள். மிஞ்சியதில் ஆசை வைக்க வேண்டாம்.

கடிதம் எழுதிய வாசகருக்கு அன்றே பதில் போட்டேன். இழந்த நெல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த போகத்துக்கு வாடகை மிஷின் பேசும்போது, வயலில் இறங்குவதற்கு முன் டேங்கின் அடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றுதான் எழுத முடிந்தது.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பேரலின் அடியிலிருந்தும் வண்டி டேங்கின் அடியிலிருந்தும் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து ஒரு ராத்திரி ஆடாமல் வையுங்கள். காலையில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதே பக்கத்தைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்து, அடியில் எதுவும் பிரிந்து நிற்காவிட்டால் சந்தோஷம். எழுத்து மங்கினாலோ, அடியில் ஒரு கோடு தெரிந்தாலோ, அதை வண்டியில் ஊற்றாதீர்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்