கிளாவரையிலிருந்து கல்லூரி எத்தனை தூரம்?

கொடைக்கானலுக்குப் போய் வந்தோம் என்று பெருமையோடு சொல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரியைச் சுற்றி வந்ததோடு திரும்பிவிடுகின்றன. அந்த ஏரியிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று படிவயல்களையும் பூண்டுக் கொல்லைகளையும் கடந்து சுமார் 40 கிலோமீட்டர் போனால், பேருந்துப் பாதை முடிகின்ற இடத்தில் கிளாவரை என்னும் சிற்றூர் இருக்கிறது. அதற்கப்பால் கேரள எல்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் அங்கிருந்து கீழே இறங்குகின்றன. கல்வி மட்டும் அங்கே ஏறிச் செல்ல மறுக்கிறது.

"கிளாவரையில் நம்மவர் எத்தனை பேர்? அந்த ஊரைப் பற்றி இந்த ஏட்டில் எழுதுவானேன்?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்தோ முடிக்காமலோ வெளியேறி, வயது இருபத்தைந்தோ முப்பத்தைந்தோ ஆனபின் மேலே படிக்க விரும்பும் ஒருவருக்கு இந்நாட்டில் என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன என்று அளந்து பார்க்கக் கிளாவரையைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. அங்கிருந்து புறப்படும் ஒருவர் சென்றடையக்கூடிய வழியே உண்மையான வழி. மற்றவையெல்லாம் விளம்பரம்.

கல்லூரி கட்டுவதில் நம் சமுதாயம் யாருக்கும் இளைத்ததன்று. வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தோன்றின. இதே பழனி மலையின் தெற்கு அடிவாரத்துக்கு அப்பால், உத்தமபாளையத்தில், ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியாக் கல்லூரி 1956 முதல் நடந்து வருகிறது. 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி வந்தது. அந்த வள்ளல் பெருமக்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் இவையெல்லாம் யாருக்காகக் கட்டப்பட்டன? பதினேழு வயதில் கையில் மதிப்பெண் பட்டியலோடு வாயிலில் வந்து நிற்கும் மாணவனுக்காக. பத்தாம் வகுப்போடு நிறுத்தித் திருமணம் செய்து வைக்கப்பட்ட பெண்ணுக்காக அல்ல. பதினாறு வயதில் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, வளைகுடா சென்று பதினைந்தாண்டு உழைத்துத் திரும்பிய ஆணுக்காகவும் அல்ல. இவர்களைச் சமுதாயம் முடிந்துபோன கணக்காக எழுதி மூடிவிட்டது.

கல்வி உதவி வழங்கும் ஒரு கூட்டத்தில் நாம் காதாரக் கேட்ட சொல் இது: "இரண்டு பிள்ளைக்குத் தாயானவளுக்கு இனி எதற்குப் படிப்பு? அந்தப் பணத்தில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாமே." சொன்னவர் கொடுமைக்காரர் அல்லர், தொழுகையும் தயாளமும் உள்ளவர். கேட்டவர்களும் தலையசைத்தார்கள். நபித்தோழர்களில் பெரும்பாலோர் கற்கத் தொடங்கிய வயதென்ன என்று அந்த அவையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிள்ளை குட்டி பெற்றபின், வாணிகம் செய்துகொண்டே, சிலர் நரைத்த தாடியோடு அல்லவா அவர்கள் கற்றார்கள்! பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவருக்கு, மதீனத்தார் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பிப்பதே மீட்புத்தொகை என்று விதிக்கப்பட்ட வரலாற்றை மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் சொல்கிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் வயது வரம்பு பேசுகிறோம்.

இன்னொரு கூட்டத்தார், "வழிகள்தாம் ஆயிரம் இருக்கின்றனவே, கைப்பேசியிலேயே படிக்கலாமே" என்கிறார்கள். வழிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியை 1971இலேயே தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் பிறந்தன. பள்ளிப் படிப்பையே முடிக்காதவருக்குத் தனித்தேர்வர் முறை உண்டு. 1979இல் ஒரு சிறு முயற்சியாகத் தொடங்கி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமாக வளர்ந்திருக்கும் அமைப்பும் உண்டு. தொழில் கற்க விரும்புவோருக்கு அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அங்கே ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. இச்செய்தி நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆயினும் இவை ஒவ்வொன்றும் ஏதேனும் ஓரிடத்தில் மலையிறங்கச் சொல்கின்றன. பாடத்தைக் கைப்பேசியில் கேட்கலாம். தேர்வை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். நேர்முக வகுப்புக்கும் செய்முறைக்கும் நேரில் போகவேண்டும். கிளாவரையிலிருந்து கொடைக்கானல் வரை வளைவு வளைவான 40 கிலோமீட்டர். அங்கிருந்து மாவட்டத் தலைநகராகிய திண்டுக்கல்லுக்கு மேலும் 90 கிலோமீட்டருக்கு மேல். காலைத் தேர்வு எழுத முந்தைய நாளே இறங்கி எங்காவது தங்க வேண்டும். ஆண் தங்கிவிடுவான். கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கே தங்குவாள்? அவளோடு துணைக்கு வரும் அண்ணனோ மாமனாரோ எத்தனை நாள் கூலியை இழப்பார்? கொடைக்கானலில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம், அதே மலையில்! மேல்மலைப் பெண்ணுக்கு அதன் பெயர்ப்பலகை பேருந்துச் சன்னலில் தெரியும் காட்சியாக நின்றுவிடுமானால், பல்கலைக்கழகம் அருகில் இருந்து ஆவதென்ன?

வயது வந்தோர் கல்வியில் உலகம் மெச்சும் முயற்சி, இங்கிலாந்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் நிறுவப்பெற்று, நம் மதுரை தொடங்கிய அதே 1971இல் பாடம் நடத்தத் தொடங்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் வந்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஊருக்கு ஊர் கல்வி மையம் வைத்து, மாணவருக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, எழுதியனுப்பிய பயிற்சித்தாளைத் திருத்தி, கோடையில் ஒரு வாரம் நேரில் வரவழைத்து நடத்தினார்களே, அதைச் சொல்வாரில்லை. நாம் புத்தகக் கட்டை அஞ்சலில் அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இன்றியே திறந்தநிலையில் நேராகப் பட்டம் பெறலாம் என்று ஒருகாலத்தில் வழி இருந்தது. நம்பிச் சேர்ந்தவர்கள் பலர். கடை மூடிய பின் இரவில் படித்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் பட்டம் பெற்றார்கள். இளநிலைப் பட்டம் இன்றிப் பெற்ற முதுநிலைப் பட்டம் பணிக்குத் தகுதியாகாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்னும் வரிசையில் படித்தவரின் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்று ஆணையிட்டது. பட்டத்தை வழங்கியதும் பல்கலைக்கழகந்தான். தண்டனை மட்டும் மாணவருக்கு. வரிசை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. சேரும்போதே அவர்களிடம் அதைச் சொல்ல ஆளில்லாமற் போனதே, அதைத்தான் கேட்கிறோம். இன்றும் முகவர்கள் தெருமுனையில் சிற்றறை எடுத்து, "ஒரே ஆண்டில் பட்டம்" என்று பலகை மாட்டுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று குழுவின் பட்டியலைப் பார்த்துச் சொல்ல, ஒரு ஜமாஅத்தில் ஒரே ஒரு படித்த இளைஞர் போதும்.

வரிசையாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுவோம். 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்னும் பிரிவில் அதில் அடங்குவர். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் பெரும்பாலான பணிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் நம் பிரிவினருக்கு அப்பணிகளில் உச்ச வயது வரம்பு தளர்ந்துவிடுகிறது. நாற்பது வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முறையாகத் தேறிய ஒரு சகோதரி, அந்த ஒரு சான்றிதழால் தேர்வு எழுதும் உரிமையைத் திரும்பப் பெறுகிறாள். "இனி எதற்குப் படிப்பு" என்ற பெரியவருக்கு இதுவும் ஒரு பதில். இது ஒன்றே பதில் என்று நாம் சொல்லவில்லை. தன் பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் தானே விரித்துச் சொல்லிக்கொடுக்கும் தாய்க்கு எந்த ஆணையம் மதிப்பெண் போடும்?

அரசையும் விடுவதற்கில்லை. 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் தரும் திட்டங்களை வரவேற்கிறோம். ஆனால் தொலைநிலையில் படிப்பவருக்கு அவை இல்லை. வீட்டையும் வேலையையும் சுமந்துகொண்டு படிப்பவருக்குத்தானே பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் பாரம்! உருது வழியில் தொலைநிலைக் கல்வி தர 1998இல் ஐதராபாத்தில் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் வந்தது, நல்லதே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் பெண்களுக்கு அதனால் பயனில்லை. நமக்கான ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய முடியாததா? பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம், கம்பம், உத்தமபாளையம் என்று இந்த மலையைச் சுற்றிலும் நம் ஜமாஅத்துகள். கொடைக்கானல் கடைவீதியிலும் நம்மவர் கடைகள் இருக்கின்றன. திருமணத்துக்கும் வலீமாவுக்கும் திறக்கும் மண்டபங்கள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. மதரஸாக்கள் காலையிலும் மாலையிலும் ஒலிக்கின்றன. நடுப்பகலில் பாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அந்த நடுப்பகலில்தான் அடுப்பு வேலை ஓய்ந்த பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு கரும்பலகை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டி. தேர்வு நாட்களில், மேல்மலையிலிருந்து எந்தச் சமயத்துப் பெண் இறங்கி வந்தாலும் துணையோடு தங்க அதே மண்டபத்தில் ஓர் அறை. கிளாவரைப் பெண் அங்கே தங்கித் தேர்வெழுதிச் சென்றாள் என்றால், கம்பத்துப் பெண்ணுக்கு அது பெரிய காரியமே அல்ல.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இருமுறை, சனவரியை ஒட்டியும் சூலையை ஒட்டியும், சேர்க்கை நடக்கிறது. வருகின்ற சேர்க்கைக்கு முன் கூடும் ஜமாஅத் பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்கள் எழுதப்பட வேண்டும். பைத்துல்மால் கல்வி உதவி விண்ணப்பத்தில் வயதைக் கேட்கும் வரியை அடித்துவிடுவது. மண்டபத்தின் ஒரு சாவியைப் படிப்போர் பொறுப்பில் கொடுப்பது. தெருவாரியாகப் பத்தாம் வகுப்போடு நின்றவர்களின் பெயரை, பெண்களின் பெயர் உட்பட, எழுதி எடுப்பது. தாய் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் தேடி எடுக்கச் சொல்லி அந்த வீடுகளுக்கு ஆளனுப்புங்கள். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் திருத்தப் பல வாரங்கள் ஆகும்.