மருந்து கிடைத்தது, மனதுக்கு என்ன?



போன கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என்னிடம் வந்தா. அவவின் மகன் எட்டு மாதமாக லார் சிகிச்சையில் இருக்கிறார். "மருந்தை ஒழுங்காத்தான் எடுக்கிறான் தம்பி. ஆனா கோவம் வந்தா வீடு தாங்காது. பிறகு அழுவான். பிறகு ஒண்டும் சொல்லாமல் வெளியில போவான். அப்பதான் எனக்குப் பயம்." அவவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

லார் என்பது மெதடோன், புப்ரெனோர்பின் போன்ற மருந்துகளோடு நடக்கும் மறுவாழ்வுத் திட்டம். 1998 முதல் நோர்வே முழுவதும் இருக்கிறது. 2004 இல் போதைக்கு அடிமையானவர்களும் சட்டப்படி நோயாளிகளானார்கள், சிகிச்சை உரிமையானது. ஆனால் 2021 இல், சொந்தப் பாவனையைக் குற்றமாகப் பார்க்காமல் விடும் திட்டம் பாராளுமன்றத்தில் தோற்றது. தொழிற்கட்சியும் எதிர்த்தே வாக்களித்தது. கடுமையாக அடிமைப்பட்டவர்கள் தங்களுக்கென வைத்திருக்கும் சிறிய அளவுக்குத் தண்டனை வேண்டாம் என்று அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. 2023 இல் இந்த நாட்டில் போதையால் இறந்தவர்கள் 363 பேர். அந்த ஆண்டு வீதி விபத்துகளில் இறந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

மெதடோன் உயிரைக் காக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. உடல் நடுக்கத்தையும் தேடலையும் அடக்குகிறது. ஆனால் ஓபியாய்டு உடல் நோவை மட்டும் மரக்க வைப்பதில்லை. பயம், வெட்கம், துக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே மரக்க வைக்கிறது. அது விலகும்போது, வருடக்கணக்காக மூடிக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் எழும்புது. இரவு இரண்டு மணிக்கு அதை என்ன செய்வது என்று குளிசை சொல்லித் தராது.

அதைச் சொல்லித் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் எங்கட ஆக்களுக்குப் பிடிக்கும்: இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. தற்கொலை எண்ணத்தோடு வாழ்ந்த பெண்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கியது; 1993 இல் நூலாக வந்தது. இளவயதில் தானும் அந்த நரகத்தில் இருந்ததாக 2011 இல் அவரே வெளியில் சொன்னார். இப்போது நீ இருக்கிறபடி உன்னை ஏற்றுக்கொள், ஆனாலும் நீ மாறத்தான் வேண்டும். இந்த இரண்டு முரண்களையும் ஒன்றாகப் பிடித்திருப்பதுதான் அதில் உள்ள இயங்கியல்.

நடைமுறையில் அது சாதாரண பயிற்சி. வந்திருப்பது கோபமா, வெட்கமா என்று பெயர் சொல்லப் பழகுவது. நடந்தது என்ன, நான் நினைத்தது என்ன என்று பிரித்துப் பார்ப்பது. ஒளியச் சொல்லும் வெட்கத்துக்கு எதிராக ஒரு ஆளுக்குப் போன் எடுப்பது. தாங்க முடியாத நேரத்தில் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து நாடித் துடிப்பை இறக்குவது. போதையை முழுதாக விடுவதே இலக்கு. ஆனால் வழுக்கி விழுந்தால் "எல்லாம் போச்சு" என்று இருக்காமல் உடனே எழும்புவது.

இது மந்திரமில்லை. 2002 இல் ஹெரோயினுக்கு அடிமையான 23 பெண்களோடு செய்த ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் ஆண்டு முழுவதும் பாவனையைக் குறைத்தே வைத்திருந்தார்கள். ஆனால் இடையில் விட்டுப்போனவர்களும் இந்தப் பக்கம்தான் கூட. ஒஸ்லோவிலேயே லார்ஸ் மேலும் தலைமையில், தம்மைத் தாமே காயப்படுத்திய 77 இளையோருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014 இல் வந்த முடிவு நல்லதாகவே இருந்தது. ஆகவே இங்கே தெரிந்த ஆக்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"வேலை உடம்பை முறிக்குது, நீ மூச்சுப் பயிற்சி செய் என்கிறாய்?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கதைத்தேன். கேள்வி பிழையில்லை. எங்கட முதல் ஆக்கள் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். பிறகு ஒஸ்லோவில் இரவிரவாகத் துப்புரவு வேலை. முதுகு நோவுக்கு எழுதிக் கொடுக்கும் பரால்ஜின் ஃபோர்ட்டில் உள்ள கோடேயினும் ஓபியாய்டுதான். இதற்கு மேல் போர், கடன், காணாமல் போனவர்கள். காரணம் சமூகத்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தக் காரணம் மாறும்வரை அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே.

இன்னொன்று மொழி. வெட்கத்தை இரண்டாவது மொழியில் சொல்ல முடியாது. 2022 இல் வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, தேவைப்படும் இடத்தில் தகுதியுள்ள ஒருவரைப் பிடித்துத் தருவது பொது நிறுவனங்களின் கடமை. கேளுங்கள். உங்கட பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை: லாரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் விரும்பினால், உணர்ச்சிகளைக் கையாளும் பயிற்சி கிடைக்க வேண்டும். அது மருந்துக்கான நிபந்தனையாக ஒருபோதும் ஆகக் கூடாது. தமிழில் ஒரு குழு வேண்டும். எங்கள் சங்கங்களும் கோயில்களும் இந்தக் குடும்பங்களை ஒதுக்குவதை நிறுத்த வேண்டும்.

அம்மாவுக்கு நான் சொன்னது மூன்று விசயம். வீட்டில் நலொக்சோன் மூக்குத் தெளிப்பான் இருக்கட்டும், மூச்சு அடங்கினால் அதை அடித்துவிட்டு 113 க்கு எடுங்கோ. மகனின் சிகிச்சையாளரிடம் இந்தப் பயிற்சி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கோ. தனியப் போக வேண்டாம், நான் கூட வாறன்.

உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் இந்த மடலுக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் தேவையில்லை.

தோழமையுடன்,
ஆசிரியர்