தேதி எழுதாத சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயக்குடியில் கொய்யா தரம் பிரிக்கும் வேலை எனக்கு. காயா, செங்காயா, பழமா என்று கட்டைவிரல் பட்டதுமே சொல்லிவிடுவேன். இருபது வருடப் பழக்கம். இந்த வருடம் மாசி, பங்குனி முழுக்க அந்த விரல் ராத்திரியானால் இடது மார்புக்குத்தான் போனது. கட்டி நேற்றைவிடப் பெருத்திருக்கிறதா, கல்லாகிவிட்டதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்து, அந்த இடமே கன்றிப்போனது.

கட்டியைக் கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டதால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா தடவிப் பார்த்துவிட்டு, "ஏதோ தட்டுப்படுதும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்" என்றார். ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் 2023-இல் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம், 30 வயது தாண்டிய பெண்களை இப்படித் தேடி வந்து அழைக்கிறது. நல்ல திட்டம். அழைத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மேமோகிராம், ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஊசி போட்டுச் சதையும் எடுத்தார்கள். "ரிசல்ட் வந்ததும் சொல்வாங்க" என்றார்கள். யார் சொல்வார்கள், எப்போது, எங்கே வந்து கேட்க வேண்டும்? எதுவும் சீட்டில் இல்லை. நான்கு தடவை போனேன். ஓ.பி.யில் கேட்டால் லேப் என்றார்கள், லேப்பில் கேட்டால் ஓ.பி. என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது.

மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை நேரம். அவள் கண்ணில் படக்கூடாதென்று சீட்டை அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தேன். உலை வைக்கும்போதெல்லாம் அரிசியோடு அதுவும் கையில் தட்டுப்படும். நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். அவர் "ஒண்ணும் இருக்காது" என்று சொல்லவில்லை. "கிளம்பு, பழனிக்குப் போயி கிரிவீதியைச் சுத்திட்டு வருவோம்" என்றார். வாரம் இரண்டு நாள் பேசாமல் கூடவே நடந்தார். அந்த இரண்டு ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லையாம். பரீட்சை முடிந்து விஷயம் தெரிந்த பிறகு மகள்தான் படித்துச் சொன்னாள். இந்த ஒரு வரியை ஊசி போட்ட அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

47-ஆம் நாள் ரிசல்ட் கைக்கு வந்தது. புற்றுநோய் இல்லை. உட்கார்ந்து அழுதுவிட்டுத் தாளை மறுபடி பார்த்தேன். மேலே அச்சடித்திருந்த தேதி, அன்றைக்கு 22 நாள் முந்தியது. எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றித்தான் பார்க்க முடியும் என்று டாக்டர் விளக்கினார். அதற்கு ஆகும் நாளை ஆகட்டும் என்றே நானும் சொல்கிறேன். முடிந்த தாள் 22 நாள் அலமாரியில் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருத்திக்கு நோய் இருந்திருந்தால், அவளுக்கு வைத்தியம் தொடங்க வேண்டிய 22 நாள் அல்லவா அது?

மார்பில் மாற்றம் என்று ஒரு பெண் வந்தால் 60 நாளுக்குள் நோயைக் கண்டறிந்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கிலாந்தில் புற்றுநோய் உண்டா இல்லையா என்பதை 28 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே சிலிண்டர் புக் பண்ணினால் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. எங்கள் ஆதார் எண்ணும் போன் நம்பரும் வாங்கித்தானே பரிசோதனை செய்கிறார்கள்?

சுகாதாரத் துறை செய்ய வேண்டியது இதுதான்: சதை எடுக்கும் அன்றே ரிசல்ட் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். தள்ளிப்போனால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எங்களைத் தேடி வந்த அந்தத் தன்னார்வலர் கையிலேயே பட்டியலைக் கொடுத்தால், யார் ரிசல்ட் வாங்கவில்லை என்று அவரே வீடு தேடி வந்து கேட்பார். புதுக் கட்டடமும் வேண்டாம், புது மெஷினும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சீட்டிலும் தேதி எழுதும் இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஆயக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.