ஆமாம், என் பையில் கத்தி இருக்கிறது



போன வாரம் ஒரு மஞ்சள் பிடி போட்ட மடக்குக் கத்தியின் படத்தைப் போட்டு, "இது என் புதுக் கத்தி" என்று ஒரு வரி எழுதினேன். நாற்பதுக்கு மேல் பின்னூட்டங்கள். "சார், அமெரிக்கா போய் ரவுடி ஆயிட்டீங்களா?" என்கிறார் பழைய மாணவர் ஒருவர். "மச்சான், யாரைப் போடப் போறீங்க?" என்கிறார் மதுரையிலிருந்து மைத்துனர். "பெரியப்பா, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்ல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறாள் என் தம்பி மகள்.

முதல் இரண்டுக்கும் சிரித்துவிட்டேன். மூன்றாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கத்தியைப் பற்றி. ஆறு மாதமாக மகள் வீட்டில், பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டும்போதும், ஆப்பிள் நறுக்கும்போதும், வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரிக்கும்போதும் அவர் பேன்ட் பையிலிருந்து வருவது ஒரே கத்தி. மஞ்சள் பிடி. அலகு வெள்ளையாக இல்லை, மழைமேகம் மாதிரி நீலச் சாம்பல். அவருடைய அப்பாவும் மஞ்சள் பிடிக் கத்திதான் வைத்திருந்தாராம்.

இது அந்த நாட்டின் உழவர்களும் வேட்டைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் பையில் வைத்திருந்த கத்தி. இதைச் செய்பவர்களில் பெயர் பெற்ற கேஸ் நிறுவனம் 1889-ல் தொடங்கியது. 1905 முதல் இதே பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் இருக்கிறது. ஜிப்போ லைட்டர் செய்வதும் அதே ஊர்தான். கத்தியில் ஒரு எண் பொறித்திருக்கிறது: 3254. வாத்தியாருக்கு எண்ணைக் கண்டால் விடுமா? விசாரித்தேன். முதல் எண் பிடியைச் சொல்வது. 3 என்றால் மஞ்சள். 2 என்றால் இரண்டு அலகு. 54 கத்தியின் வடிவத்துக்கான எண். அந்த வடிவத்துக்கு 'டிராப்பர்', அதாவது பொறி வைத்து வேட்டையாடுபவன் என்று பெயர். ஒரு அலகு கூர்முனை. இன்னொன்று மொட்டை முனை. கன்றுகளுக்குக் காயடிக்க வந்தது, முனை குத்திக் காயப்படுத்தக் கூடாது என்று அப்படி.

ஏன் மஞ்சள்? அழகுக்கு என்று நினைத்தேன். பெரியவர் கத்தியைப் புல்லில் போட்டுக் காட்டினார். பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிறது. எலும்புப் பிடியும் மரப் பிடியும் சருகில் விழுந்தால் சருகோடு சருகு. இது வைக்கோலில் விழுந்தாலும் கொஞ்சம் தேடினால் கிடைத்துவிடும். விலையும் எலும்புப் பிடியைவிடக் குறைவு. பழைய காலத்தில் செல்லுலாய்டில் செய்தார்கள். அது சுலபமாகத் தீப்பற்றும், நாளானால் சிதைந்து, வெளிவிடும் ஆவியால் அலகையே அரிக்கும். இப்போது வேறு பிளாஸ்டிக். இரு முனையிலும் வெள்ளி போல மினுங்குவது நிக்கல் சில்வர். அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். பத்தாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

என் முதல் சண்டை, கத்தி என்றாலே ஆயுதம் என்பவர்களோடு. இந்தக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். நகத்தைப் பள்ளத்தில் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். திறந்த அலகைப் பிடித்து நிறுத்தப் பூட்டும் கிடையாது, ஒரு ஸ்பிரிங்தான். குத்தினால் மடங்கி நம் விரலைத்தான் வெட்டும். இதை வைத்துக்கொண்டு ரவுடித்தனம் செய்பவனை நான் பார்க்க வேண்டும். உங்கள் சமையலறையில் இருக்கும் அரிவாள்மனையின் பக்கத்தில் இது ஒரு பூனைக்குட்டி. பயம் கத்தியைப் பார்த்து வரவில்லை. சினிமா போஸ்டரைப் பார்த்து வந்தது.

இரண்டாவது சண்டை, இதற்கு நேர் எதிரானவர்களோடு. இங்கே கடைகளில் கறுப்புக் கத்திகள் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு விரலால் தட்டினால் சடக்கென்று திறக்கும், ராணுவத்துக்குச் செய்தது மாதிரி தோற்றம். வாங்குகிறவர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர். யாரோடு போருக்குப் போகிறார்? கத்தியை ஆயுதம் என்று பயப்படுகிறவரும், ஆயுதம் என்று ஆசைப்படுகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அது கருவி என்பது இருவருக்குமே தெரியவில்லை. மஞ்சள் பிடியைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள். குழந்தையின் பொம்மை மாதிரி நிறம். அதனாலேயே எனக்கு அது பிடிக்கிறது.

மூன்றாவது சண்டை, பெட்டியில் பூட்டி வைப்பவர்களோடு. இதே கத்தியை வாங்கி, ஒரு தடவைகூடத் திறக்காமல், கைரேகை படாமல், விலை ஏறட்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. வெட்டாத கத்தி எதற்கு? கரைத்துச் சிலையாவது செய்யலாம்.

நான்காவது என் மருமகனோடு. அவர் நல்ல மனிதர். இந்தச் சண்டை அவருக்கும் தெரியும். "மாமா, ஸ்டெயின்லெஸ் வாங்கியிருக்கலாமே, துருப்பிடிக்காதே" என்றார். எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம், அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பது. என் கத்தி அப்படியல்ல. ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாள் செந்துரு. ஆனால் ஆப்பிள், எலுமிச்சை நறுக்க நறுக்க, பழத்தின் அமிலம் பட்டு அலகின் மேல் நீலச் சாம்பல் படலம் படிகிறது. அது படிந்த பிறகு செந்துரு அவ்வளவு சுலபமாகப் பிடிப்பதில்லை. தீட்டுவதும் சுலபம், கல்லில் பத்து இழுப்பு போதும். வேலை செய்யச் செய்யக் கத்தி தன்னைக் காத்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சொட்டு எண்ணெய்க்குக்கூட நமக்கு நேரமில்லை என்றால், குறை கத்தியில் இல்லை.

இனி என் தம்பி மகளின் கேள்வி. குழந்தைகள்.

பள்ளிக்கூடத்துக்குக் கத்தி கொண்டுபோகலாம் என்று நான் சொல்லவில்லை. கூடாது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன், எனக்கு அந்தக் கவலை தெரியும். ஆனால் பயத்துக்கும் அளவு வேண்டும். 2009-ல் இங்கே டெலவேர் மாநிலத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன், கத்தி, கரண்டி, முள்கரண்டி மூன்றும் சேர்ந்து மடங்கும் ஒரு முகாம் கருவியைச் சாப்பிடுவதற்காகப் பள்ளிக்கு எடுத்துப் போனான். 45 நாள் சீர்திருத்தப் பள்ளிக்குப் போ என்று தீர்ப்பு. ஊரே கொதித்த பிறகுதான் சின்னக் குழந்தைகளுக்கு விதியைத் தளர்த்தினார்கள்.

அதே நாட்டில் சாரணர் இயக்கம் என்ன செய்கிறது பாருங்கள். கத்தி, கோடரி, ரம்பம் மூன்றையும் பத்திரமாகக் கையாளக் கற்றுக்கொண்ட பையனுக்கு ஒரு அட்டை கொடுக்கிறார்கள். தவறாகக் கையாண்டால் அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நான்கு மூலையும் போனால் கத்தி பிடிக்கும் உரிமையும் போச்சு. கத்தியைத் திறக்கும் முன், மூடிய கத்தியோடு கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. இதுதான் கல்வி. பறித்து வைப்பது கல்வி இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி இல்லை என்பதால்தான் சொல்கிறேன்.

1984. என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய சின்னப் பேனாக்கத்தி ஒன்று வைத்திருந்தான். வகுப்பில் அத்தனை பேருக்கும் பென்சில் சீவிக் கொடுப்பது அவன்தான். கூர் உடையாமல் சீவுவான். நோட்டுத் திருத்தும் என்னுடைய சிவப்பு-நீலப் பென்சிலுக்கு இரண்டு முனையும் சீவித் தந்தது அவன்தான். வாரத்துக்கு இரண்டு தடவை நானே கூப்பிட்டுக் கொடுப்பேன்.

ஆண்டு ஆய்வு நாள். வந்த அதிகாரி அவன் சட்டைப் பையைப் பார்த்து, "அது என்னப்பா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பையன் என்னைப் பார்த்தான். சார் சொல்லுவார் என்று பார்த்தான். நான் அன்றுதான் முதன்முதலாக அந்தக் கத்தியைப் பார்ப்பவன் மாதிரி, "பள்ளிக்கூடத்துக்குக் கத்தியாடா கொண்டு வர்றே?" என்று அறைந்தேன். கத்தியைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். அன்று காலையில் அவன் சீவிக் கொடுத்த பென்சில் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அடுத்த வருடம் எனக்கு மாறுதல் வந்தது. அந்த டிராயரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கத்தியைப் பார்த்துப் பயந்து அடித்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. என் வேலைக்குப் பயந்து அடித்தேன். குழந்தையின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கும் பெரியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்காகப் பிடுங்கவில்லை, தங்கள் மேல் பழி வரக் கூடாது என்று பிடுங்குகிறார்கள். என்னை வைத்தே சொல்கிறேன்.

போன மாதம் என் பேரன், பத்து வயது, பெரியவர் ஆப்பிள் நறுக்குவதைப் பார்த்து, "தாத்தா, நானும்" என்றான். மகள் வேண்டாம் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் அதே ஆள். இரண்டு நாள் கழித்துப் பெரியவர் தன்னிடமிருந்த இன்னொரு மஞ்சள் கத்தியை எனக்குக் கொடுத்தார். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று இவர்களிடம் ஒரு நம்பிக்கை. பதிலுக்கு ஒரு காசு வாங்கிக்கொள்வார்கள். நம் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்வோமே, அது போல. ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்தேன். அன்று இரவு மகளிடம் 1984-ஐச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்ப்பா" என்றாள்.

இப்போது தினமும் மாலை பின்வாசல் படியில் இருவரும் உட்காருகிறோம். கையை நீட்டி ஒரு சுற்று. பிறகு திறப்பது. உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவுவது. துடைத்து எண்ணெய் விட்டு மடக்குவது. ஒரு தடவை விரலில் கீறல் பட்டது. பிளாஸ்திரி ஒட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் உட்கார்ந்தோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். மஞ்சள் பிடிதான் வேண்டும் என்பதில்லை. காய் நறுக்கும் கத்தி போதும். ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். செல்போனைக் கையில் கொடுக்கும்போது இவ்வளவு பயந்தீர்களா என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

அந்தப் பையன், இன்று ஐம்பது தாண்டியவர், இந்த நட்பு வட்டத்தில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். கத்திப் படத்துக்கு அவர் எதுவும் எழுதவில்லை, ஒரு லைக் மட்டும் போட்டிருந்தார்.

தம்பி, அன்று உன்மேல் தப்பில்லை. எல்லார் முன்னாலும் அடித்தேன், அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு. ஊருக்கு வரும்போது செக்-இன் பெட்டியில் ஒரு மஞ்சள் கத்தி கொண்டு வருகிறேன். ஒரு ரூபாய் எடுத்து வை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்

பி.கு.: பின்னூட்டத்தில் அரிவாள் படம் போடுபவர்களை மைத்துனர் என்றும் பாராமல் பிளாக் செய்வேன்.