பன்றிக்குப் பட்டா யார் கொடுத்தது?

விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், கொல்லை கொல்லையாக இல்லை. வள்ளிக்கிழங்குப் பாத்தி முழுக்க ஏர் ஓட்டினது போலக் கிளறிக் கிடக்கிறது. பாதி கடித்துத் துப்பின கிழங்கு. பிடுங்கிப் போட்ட கத்தரிச் செடிகளின் வேரில் ஈரமண் இன்னும் காயவில்லை. வரப்பில் இரட்டைக் குளம்புத் தடம், பெரிதாக ஒன்று, அதன் பின்னாலேயே சின்னச் சின்னதாக நிறைய. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது காட்டுப்பன்றி மகராசி.

ஏரிக்கரைக் குப்பத்தில் உனக்குக் காய்கறி எதற்கு என்று கேட்பார்கள். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, இறாலும் வராது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் உலை வைப்பது இந்தப் பன்னிரண்டு சென்ட்தான். மீஞ்சூருக்குக் கீரைக்கட்டும் வெண்டைக்காயும் கொண்டுபோய் விற்றுத்தான் அரிசி வாங்கி வருகிறேன்.

என்னதான் செய்யவில்லை? பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன். சலூனில் முடி வாங்கி வந்து தூவினேன். வீட்டுக்காரர் ஏரியில் போட்டுக் கிழிந்த நைலான் வலையைச் சவுக்குக் கழி நட்டு இழுத்துக் கட்டினார். பன்றி அதைக் குதறிவிட்டுப் போனது. சிக்கிச் செத்தது ஒரு சாரைப்பாம்பு. எலி பிடித்து எனக்கு உபகாரம் செய்துகொண்டிருந்த ஜீவன்.

கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் வை என்றார் ஒருவர். ஆடு கடித்தால்? பிள்ளைகள் எடுத்தால்? கம்பியில் கரண்ட் விடு என்றார் இன்னொருவர். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படி விட்ட கரண்டில்தான் மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்த குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்ததை ஊரே டிவியில் பார்த்தது. என் கையால் அது நடக்காது. வயிறு எரிந்தாலும் நடக்காது.

அப்புறம் உபதேசம். "அதன் காட்டை நாமதானேம்மா பிடுங்கினோம், அது எங்கே போகும்?" அடுக்குமாடியில் ரோஜாத் தொட்டி வைத்திருப்பவர் சொல்கிறார். எந்தக் காட்டை ஐயா நான் பிடுங்கினேன்? இங்கே இருந்தது நெல்லும் கடலையும் போட்ட நிலம். மீஞ்சூர்க் கிணறுகளிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் இறைத்தார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் உள்ளே ஏறியது. 1970களிலேயே கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கியது என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லி ஆறவில்லை. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அதுவும் சென்னைக்குத்தான்! உப்பு ஏறிய நிலத்தில் பயிர் வரவில்லை, தரிசு விழுந்தது. தரிசை மனையாகப் போட்டு வாங்கினவர்கள் கல் நட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. கல்லே தெரியாமல் சீமைக்கருவேலம் மூடியது. பகலெல்லாம் பன்றி படுத்திருப்பது அந்தப் புதருக்குள்ளேதான். அந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவே போட்டது. எங்கள் பக்கம் ஒரு அரிவாள்கூட வரவில்லை.

2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்றைத் தாண்டினால் வனத்துறையே சுடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற பன்றிக்கு நான் யாரை எழுப்பி, டேப் பிடித்து அளக்கச் சொல்ல?

மனு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எத்தனை ஏக்கர் என்றார்கள். பன்னிரண்டு சென்ட் என்றதும் ஒருவர் சிரித்தே விட்டார். பட்டா எங்கே என்றார்கள். செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கிறது. பேர் மாற்றிக்கொண்டு வாம்மா, சேதத்தை போட்டோ எடுத்துக் கொண்டு வாம்மா, அடுத்த வாரம் வாம்மா.

வருகிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கருவேலங்காட்டுக்குள் நிற்கிற மனைக்கல் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பத்திரம் இருக்கிறது, பேர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது. புதரை வெட்டச் சொல்லி அவர்களில் யாருக்காவது ஒரு நோட்டீஸ் போயிருக்கிறதா? என்னிடம் பட்டா கேட்கிறீர்களே, பன்றிக்கு அங்கே பட்டா யார் கொடுத்தது?