போருக்குப் போன பெண்களை யார் எண்ணினார்கள்?

களப்பணிக்குப் போகும் இடங்களில் எங்கள் காதில் அதிகம் விழும் கேள்வி, "உங்க பேரு லிஸ்ட்ல இருக்கா?" என்பதுதான். நோய் இருக்கிறதா, வலி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நோயும் இல்லை. அரசாங்கத்தின் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. உலகிலேயே அதிகம் செலவழிக்கும் ராணுவத்தில் பணியாற்றிய பெண்களுக்கும் இதுதான் நடந்தது.

வியட்நாம் போருக்கு அமெரிக்கா எத்தனை பெண்களை அனுப்பியது? துல்லியமான எண் இன்றுவரை கிடையாது. 5,000 என்பார்கள், 7,500 என்பார்கள், 11,000 என்றும் சொல்வார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் செவிலியர்கள். பலர் படிப்பை முடித்த கையோடு போன இளம்பெண்கள். ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் காயம்பட்டவர்களில் யாரை முதலில் அறுவை மேசைக்கு அனுப்புவது, யாரைக் கைவிடுவது என்று பிரிக்கும் வேலையும் அவர்களுடையது. மருத்துவமனைகள் மீதும் ராக்கெட்டுகள் விழுந்தன. ஷாரன் லேன் என்ற செவிலியர் 1969 ஜூனில் சூ லாய் மருத்துவமனையில் அப்படித்தான் இறந்தார். வாஷிங்டன் நினைவுச் சுவரில் உள்ள 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் பெண்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் செவிலியர்கள்.

உயிரோடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்? அதைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை. துப்பாக்கி பிடிக்காதவளுக்குப் போர் அதிர்ச்சி ஏது என்பதுதான் பொதுப்புத்தி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "நீங்கள் ராணுவத்தில் இருந்தீர்களா?" என்று பெண்களிடம் முதன்முதலாகக் கேட்டதே 1980-ல்தான். ஆம் என்று சொன்னவர்கள் சுமார் 12 லட்சம் பேர்! முன்னாள் படையினருக்கான மருத்துவமனைகளில் பெண்களுக்குச் சமமான வசதி இல்லை என்று 1982-ல் அரசின் தணிக்கை அமைப்பே அறிக்கை தந்தது. அதே பத்தாண்டில் வியட்நாம் சென்றவர்களின் உடல்நிலை பற்றி நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய பெரிய ஆய்வில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள்.

எண்ண வைத்தது யார்? அந்தப் பெண்கள்தான். செவிலியராக இருந்த லிண்டா வான் டெவாண்டர் 1983-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். இன்னொரு செவிலியர் டயான் கார்ல்சன் எவன்ஸ் பல ஆண்டுகள் போராடி, 1993-ல் பெண்களுக்கான நினைவுச் சின்னத்தை நிறுவ வைத்தார். 1980-களின் தேசிய ஆய்வு ஒன்றில் பெண்களையும் சேர்த்தபோது, வியட்நாமில் பணியாற்றிய பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது போர் அதிர்ச்சி நோய்க்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. போர் முடிந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015-ல் வெளியான ஆய்வும் அதையே உறுதி செய்தது: வியட்நாமில் இருந்த பெண்களில் 20 சதவீதம் பேர், உள்நாட்டிலேயே பணியாற்றியவர்களில் 14 சதவீதம் பேர். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் அதிகம் என்று ஓர் ஆய்வு காட்டிய பிறகே, 2000-ல் அந்தக் குழந்தைகளுக்கு உதவி தரும் சட்டம் வந்தது.

"ஏகாதிபத்திய ராணுவத்துக்கு வேலை செய்தவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

வியட்நாமின் இளைஞர் தொண்டர் படையில் ஏராளமான இளம்பெண்கள் இருந்தார்கள். குண்டு விழுந்த பள்ளங்களை மூடிச் சாலையைத் திறந்து வைப்பது அவர்கள் வேலை. டோங் லோக் சந்திப்பில் 1968 ஜூலை 24 அன்று பத்துப் பெண்கள் ஒரே குண்டுவீச்சில் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மலேரியாவோடும் பட்டினியால் நின்றுபோன மாதவிடாயோடும் ஊர் திரும்பினார்கள். கல்யாண வயது தாண்டிவிட்டது என்று ஊர் பலரை ஒதுக்கியது. அவர்கள் முறைப்படி "படைவீரர்கள்" இல்லை என்பதால், அவர்களுக்கென்று தனி உதவித் திட்டம் வர 1999 ஆனது. இங்கேயும் அதே பட்டியல் பிரச்சினை!

இப்போது நஞ்சைப் பாருங்கள். ஏஜெண்ட் ஆரஞ்ச் இரண்டு தரப்பு உடலிலும் ஏறியது. 1991-ம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கப் படையினர் வியட்நாமில் இருந்தாலே போதும், பட்டியலில் உள்ள நோய்களுக்கு இழப்பீடு உண்டு. எங்கே, எப்போது நஞ்சு பட்டது என்று நிரூபிக்க வேண்டாம். போர்க்காலத்தில் வியட்நாம் விடுதலை முன்னணியின் செய்தியாளராக இருந்த டிரான் டோ ங்கா, தன் மேல் தெளிக்கப்பட்ட அதே நஞ்சுக்காக, அதைத் தயாரித்த நிறுவனங்கள் மீது பிரான்ஸில் வழக்குப் போட்டார். அவருடைய முதல் மகள் குழந்தையிலேயே இதயக் கோளாறால் இறந்தவள். 2021-ல் வழக்கு தள்ளுபடியானது. 2024-ல் மேல்முறையீடும் தோற்றது. அமெரிக்க அரசுக்காகத்தான் நிறுவனங்கள் தயாரித்தன, அதனால் விசாரிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

ஒரே நஞ்சு. ஒருத்திக்கு நிரூபிக்கவே தேவையில்லை, இன்னொருத்திக்கு நிரூபிக்க வாய்ப்பே இல்லை. அமெரிக்கச் செவிலியர்கள் வென்றதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அதை அளவுகோலாக வைத்து மற்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்கிறோம். ஈழத்தில் இன்றும் உடலுக்குள் குண்டுச் சிதறல்களோடு கூலி வேலைக்குப் போகும் முன்னாள் பெண் போராளிகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். விசாரிக்க மட்டும் அவர்களுடைய பெயர்ப் பட்டியல் வேண்டும், மருந்து கொடுக்க வேண்டாமா?

சமூகவியலும் சமூகப்பணியும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும் முடிவுரைக்கு முன்னால் மாதிரிப் பட்டியலைப் பாருங்கள். யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், விட்டதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள். வியட்நாம் போருக்குப் போன பெண்கள் இன்று எழுபதுகளையும் எண்பதுகளையும் தொட்டுவிட்டார்கள். தாமதமாக எண்ணினால், எண்ணுவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.